தோன் பாப்லோவின் வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தீபாவளிக்கு அக்கா மகன் ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டில் வந்து நின்றான். நெஞ்சில் மீசைக்காரன் ஒருவனின் போலீஸ் போட்டோ. கழுத்துக்குக் கீழே கைதி எண் பலகை, முகத்தில் மாப்பிள்ளைச் சிரிப்பு. "யாருடா இது?" என்றேன். "பாப்லோ எஸ்கோபார் மாமா. கொகெயின் கிங். ஆனா ஏழைங்களுக்கு நிறைய வீடு கட்டிக் குடுத்திருக்காரு, தெரியுமா?" என்றான். அன்றைக்கு இலையில் வைத்த வடை ஆறிப்போனதுதான் மிச்சம். பேச்சு முடியவில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரம் ஓடியது. அவனும் அவன் கூட்டாளிகளும் கேட்டவை, அக்கா கேட்டது, எனக்கு நானே கேட்டுக்கொண்டவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு பண்டிகைக்கும் தொண்டை வற்றாது என்று தோன்றியது.

முதலில், யார் இந்த ஆள்?

பாப்லோ எமிலியோ எஸ்கோபார் கவிரியா. 1949 டிசம்பர் 1 அன்று கொலம்பியாவின் அந்தியோக்கியா மாகாணத்தில் ரியோநெக்ரோ என்ற ஊரில் பிறந்தவன். மெதெயின் நகரை ஒட்டிய என்விகாதோவில் வளர்ந்தான். (நம் பத்திரிகைகளில் மெடலின் என்று வரும் ஊர்தான் மெதெயின்.) 1970களின் நடுவில் கொகெயினில் இறங்கி, பத்தே வருடத்தில் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் பெரும்பங்கைக் கையில் வைத்திருந்த கூட்டத்தின் தலைவனானான். 1982-ல் நாடாளுமன்றத்தின் கீழவைக்கு மாற்று உறுப்பினராகத் தேர்வானான். அரசியல் கை நழுவியதும் அரசோடு நேரடிப் போர். அமெரிக்காவுக்கு நாடு கடத்துவதைத் தடை செய்ய அரசியல் நிர்ணய சபை வாக்களித்த அதே நாளில், 1991 ஜூன் 19-ல், சரணடைந்தான். அடைக்கப்பட்டதும் தன் வசதிக்காகக் கட்டப்பட்ட சிறையில்தான். அடுத்த வருடம் ஜூலையில் அங்கிருந்து நழுவினான். 1993 டிசம்பர் 2 அன்று, 44வது பிறந்தநாளுக்கு மறுநாள், மெதெயினில் ஒரு வீட்டின் ஓட்டுக்கூரை மேல் சுட்டுக் கொல்லப்பட்டான்.

"அவர்" என்று சொல்லாமல் "அவன்" என்கிறீர்களே, மரியாதை வேண்டாமா?

தமிழில் இது பெரிய தொல்லை. ஒருவனைப் பற்றி வாயைத் திறந்தாலே அவனுக்கு மரியாதை உண்டா இல்லையா என்று முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதியாக வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் "அவன்" என்றுதான் எழுதுகிறேன். அவன் கொடுத்த வீட்டில் குடியிருப்பவர்கள் பேசும் இடத்தில் மட்டும் "அவர்" வரும், ஏனென்றால் அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அவனை ஊர்க்காரர்கள் "தோன் பாப்லோ" என்பார்கள். நம் சினிமா புண்ணியத்தில் "டான்" என்றால் நமக்குத் தாதா, கடத்தல்காரன், துறைமுகத்தில் வெள்ளைக் கோட்டு. ஸ்பானிய மொழியில் அது வெறும் மரியாதைச் சொல். மளிகைக்கடைக்காரரும் தோன், பள்ளி ஆசிரியரும் தோன். "தோன் பாப்லோ" என்பதை அப்படியே தமிழாக்கினால் "பாப்லோ ஐயா". இன்னொரு பட்டம் "எல் பத்ரோன்", அதாவது முதலாளி. அவனிடம் படி வாங்கிப் பிழைத்தவர்களுக்கு அந்த வார்த்தை இயல்பாக வந்தது.

வீடு கட்டிக் கொடுத்தது கதையா, நிஜமா?

நிஜம். அதை மறுத்துவிட்டு மேற்கொண்டு பேசினால் அந்த ஊரில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

மெதெயினின் வடக்கே மொராவியா என்ற இடம் 1970களின் கடைசியில் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கானது. லாரி லாரியாகக் கொட்டக் கொட்ட அது ஒரு மலையாக எழுந்தது. அந்த மலையின் மேலேயே பலகையும் தகரமும் அட்டையும் வைத்துக் குடிசை போட்டு ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். பகலில் குப்பை கிளறிக் கண்ணாடி, பழைய இரும்பு, காகிதம் பொறுக்கி விற்பார்கள். ராத்திரி அதே குப்பையின் மேல் படுக்கை. கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ ஒருமுறை காற்று மாறி வீசியபோது நின்றவர்களுக்கு அந்த நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கே அது கூரைக்கு அடியில், தரைக்குக் கீழே, இருபத்து நாலு மணி நேரமும். குப்பைக்குள் ஊறும் வாயு எப்போது வேண்டுமானாலும் பற்றும். குடிசைகள் எரிந்துபோனதும் உண்டு.

அந்த மலையில் ஏறி வந்து, உங்களுக்கு வீடு தருகிறேன் என்று சொன்னவன் எஸ்கோபார். "சேரிகள் இல்லாத மெதெயின்" என்று திட்டத்துக்குப் பெயர். பாதிரியார்கள் சிலர் கூட நின்றார்கள். நகரின் கிழக்குச் சரிவில் செங்கல் வீடுகள் எழுந்தன. 1984-ல் 443 குடும்பங்கள் குடியேறின. வாடகை இல்லை, தவணை இல்லை. இதற்கு முந்தைய வருடமே, 1983 ஏப்ரலில், கொலம்பியாவின் முக்கிய வார இதழான "செமானா" அவனை அந்த வட்டாரத்து ராபின் ஹூட் என்று தலைப்பிட்டு எழுதியிருந்தது. அதுபோக ஏழைப் பகுதிகளில் கால்பந்து மைதானங்கள். ராத்திரியும் விளையாட விளக்குக் கம்பங்களோடு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் பையனுக்கு அந்த விளக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசாங்கம் எங்கே போயிருந்தது?

குப்பை லாரியை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் விரிவாகச் சொன்னால், 1940களின் கடைசியிலும் 50களிலும் கொலம்பியக் கிராமங்களில் இரு கட்சிக்காரர்களுக்கிடையே நடந்த வெட்டுக்குத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். "லா வியோலென்சியா", வன்முறைக் காலம், என்றே அதற்குப் பெயர். பிழைத்தவர்கள் மூட்டை முடிச்சோடு நகரங்களுக்கு வந்தார்கள். மெதெயின் அப்போது துணி ஆலைகளின் ஊர். நம் கோயம்புத்தூர் மாதிரி. ஆலைகள் கொஞ்ச காலம் ஆள் எடுத்தன. 70களில் அந்தத் தொழிலே தள்ளாடத் தொடங்கியது. வந்தவர்கள் பள்ளத்தாக்கின் இருபுறச் சரிவுகளிலும் ஏறிக் குடிசை போட்டார்கள். பட்டா இல்லை, தண்ணீர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. போலீஸ் வந்தால் குடிசையைப் பிய்த்துப் போட வரும்.

அப்படியென்றால் அந்தக் குடியிருப்பில் இன்னும் அவனைக் கும்பிடுகிறார்களா?

அந்தக் குடியிருப்புக்குப் பெயரே "பார்ரியோ பாப்லோ எஸ்கோபார்". மாநகராட்சி நெடுங்காலம் அந்தப் பெயரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பஸ்காரரிடம் அதைச் சொன்னால்தான் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். நுழைவாயிலில் அவன் முகத்தைப் பெரிதாக வரைந்த சுவர். பக்கத்தில், "பாப்லோ எஸ்கோபார் குடியிருப்புக்கு நல்வரவு, இங்கே அமைதியைச் சுவாசிக்கிறோம்" என்ற பொருளில் ஸ்பானிய வரி. அவன் வழிபட்ட அதோச்சாவின் குழந்தை இயேசுவுக்கு ஒரு சின்னக் கெபியும் உண்டு. வீடுகளுக்குள் அவன் படம் மாதா படத்தோடு ஒரே சுவரில் தொங்குவதைப் பத்திரிகையாளர்கள் பலமுறை படமெடுத்திருக்கிறார்கள்.

எல்லா வீட்டிலும் அப்படி என்று நினைக்க வேண்டாம். முதலில் வந்த 443 குடும்பங்களைத் தாண்டி ஊர் பல மடங்கு பெருத்துவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு அவன் ஒன்றும் கொடுக்கவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் அந்தப் பெயரை எழுதவே தயங்கும் பிள்ளைகளும் அங்கேதான் வளர்கிறார்கள்.

எத்தனை பேரைக் கொன்றான்?

அவன் கையால், அவன் உத்தரவால், அவன் கிளப்பிவிட்ட போரால் என்று மூன்றையும் பிரித்துக் கணக்கெழுத யாராலும் முடியாது. பெயர் தெரிந்தவர்களிலிருந்து தொடங்கலாம்.

நாடாளுமன்றத்தில் அவனுடைய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட நீதித்துறை அமைச்சர் ரொத்ரிகோ லாரா போனியா, 1984 ஏப்ரல் 30 அன்று தலைநகர் பொகோட்டாவில் காரில் போகும்போது மோட்டார் சைக்கிளில் வந்த பையன்களால் சுடப்பட்டார். "எல் எஸ்பெக்ததோர்" நாளிதழின் ஆசிரியர் கியெர்மோ கானோ. எஸ்கோபார் 1976-ல் கொகெயினோடு கைதான பழைய செய்தியைத் தோண்டி எடுத்து 1983-ல் மறுபடி அச்சிட்டவர் அவர். நாடாளுமன்ற உறுப்பினரின் முகமூடி அதில்தான் கழன்றது. 1986 டிசம்பர் 17 அன்று பத்திரிகை அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது கொன்றார்கள். மருமகனின் டீ-ஷர்ட்டில் இருப்பதும் அந்த 70களின் கைதுக் காலத்துப் போட்டோதான். இதைச் சொன்னபோதுதான் பையன் முதல்முறையாக வாயை மூடினான். ஜனாதிபதி ஆவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த லூயிஸ் கார்லோஸ் கலான், 1989 ஆகஸ்ட் 18 அன்று பொகோட்டாவை ஒட்டிய சோவாச்சாவில் பிரசார மேடையில் சுடப்பட்டார்.

அதே சோவாச்சாவில், அதே வருடம் நவம்பர் 27 காலையில், வானத்திலிருந்து ஒரு விமானம் துண்டு துண்டாக விழுந்தது. பொகோட்டாவிலிருந்து காலி என்ற நகருக்குப் புறப்பட்ட ஆவியாங்கா 203. கிளம்பிச் சில நிமிடத்தில் உள்ளே குண்டு வெடித்தது. உள்ளே இருந்த 107 பேரும், தரையில் 3 பேரும் போனார்கள். குறி வைத்தது, கலானுக்குப் பின் வேட்பாளரான செசார் கவிரியாவை. அவர் அந்த விமானத்தில் ஏறவே இல்லை. செத்த 110 பேரில் ஒருவருக்கும் எஸ்கோபாரோடு எந்தப் பகையும் கிடையாது. ஒன்பது நாள் கழித்துப் பொகோட்டாவில் உளவுத்துறைத் தலைமையகத்தின் வாசலில் வெடிமருந்து ஏற்றிய வண்டி வெடித்தது.

மெதெயினில், போலீஸ்காரனைக் கொன்றால் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தான். நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் செத்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த கீழ்நிலைக் காவலர்கள். பதிலுக்கு, சீருடையோடும் சீருடை இல்லாமலும் வந்தவர்கள் சரிவுக் குடியிருப்புகளில் தெருமுனையில் நின்ற பையன்களைச் சுட்டுத் தள்ளினார்கள். 1991-ல் அந்த ஒரே நகரத்தில் 6,000-க்கும் மேல் கொலைகள். ஒரு நாளைக்குப் பதினாறு.

1983-லிருந்து 1994 வரை போதைப்பொருள் வன்முறையில் போன உயிர்கள் 46,612 என்பது மெதெயின் மாநகராட்சி தன் நினைவிடத்தில் வைத்திருக்கும் எண். அத்தனையும் எஸ்கோபார் கணக்கில் வராது. எதிர்க் கும்பல், போலீஸ், தனியார் படை என்று எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

கொலைகாரன் குடுத்த வீட்டுல எப்படித் தம்பி நிம்மதியா தூங்க முடியும்? (அக்கா கேட்டது)

இந்தக் கேள்விக்கு நான் வாட்ஸ்அப்பில் பதில் போடாமல் இரண்டு நாள் ஒத்திப்போட்டேன்.

நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக்கடன். துரியோதனன் செய்தது அநியாயம் என்று கர்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுப் போகவில்லை, ஏனென்றால் ஊரே தேரோட்டி மகன் என்று சிரித்த நாளில் பக்கத்தில் ஆசனம் போட்டவன் அவன். கர்ணனை நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். திரௌபதியின் பக்கம் நின்று அந்தக் கடனைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அநேகமாகக் கேட்பதில்லை.

குப்பை மேட்டிலிருந்து இறங்கி, முதல்முறையாகத் தண்ணீர்க் குழாயைத் திறந்த ஒரு தாய், "அவர் எங்களுக்குத் தெய்வம்" என்றால் அவள் பொய் சொல்லவில்லை. அவள் பிள்ளை சேறில்லாத தரையில் படுத்தது அவள் கண்ணால் கண்டது. பொகோட்டாவுக்குப் பக்கத்தில் விழுந்த விமானம் அவளுக்கு ரேடியோவில் கேட்ட செய்தி.

ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. அவனுக்காகக் கொலைக்குப் போன பையன்கள், "சிகாரியோ" என்பார்கள், இதே சரிவுகளின் பிள்ளைகள். பதினைந்து, பதினாறு வயசு. செவ்வாய்க்கிழமை சபனேத்தா ஊர் மாதா கோயிலுக்குப் போய், குறி தப்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தவர்கள். இருபது வயசைத் தாண்டியவர்கள் குறைவு. ஆகவே வீடு வாங்கியவர்கள் ஒரு பக்கம், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மறுபக்கம் என்று அந்த நகரத்தில் கோடு போட முடியாது. ஒரே தெருவில், சில சமயம் ஒரே சமையலறையில், இரண்டும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் "அந்த மக்கள் அவனை நேசிக்கிறார்கள்" என்று எழுதிவிட்டுப் போவது இந்தச் சமையலறையைப் பார்க்காததால்தான்.

என் கருத்தைக் கேட்டால், அந்தத் தாயின் நன்றியைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. 443 வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு 46,612 பேரின் கணக்கை அடைக்கப் பார்க்கிறவர்கள் மேல்தான் வருகிறது. அவர்களில் ஒருவர்கூட அந்தக் குப்பை மேட்டில் படுத்தவர் இல்லை.

அவன் வாழ்ந்த கட்டடத்தை ஏன் இடித்தார்கள்?

மொனாக்கோ என்ற அடுக்குமாடி. பணக்காரர்கள் வாழும் எல் பொப்லாதோ பகுதியில் எட்டு மாடி வெள்ளைக் கட்டடம்; அவன் குடும்பம் இருந்தது. 1988 ஜனவரியில் எதிரிகளான காலி நகரத்துக் கொகெயின் கும்பல் அதன் முன்னால் கார் குண்டு வைத்தது; இரு கும்பல்களின் போர் சூடுபிடித்தது அதிலிருந்துதான். பிறகு பல கைகள் மாறி, கடைசியில் பாழடைந்து நின்றது. சுற்றுலாப் பயணிகள் மட்டும் வண்டி வண்டியாக வந்து செல்ஃபி எடுத்தார்கள்.

2019 பிப்ரவரி 22 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில நொடிகளில் புழுதி. பார்க்க வந்திருந்தவர்களில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களும் இருந்தன. அந்த இடத்தில் இப்போது "இன்ஃப்லெக்சியோன்" என்ற நினைவுப் பூங்கா. அதில் ஒரு கருங்கல் சுவர். சுவரில் துளைகள், செத்தவர் ஒருவருக்கு ஒன்று வீதம் 46,612. பெயர் பொறித்த சுவர்களைப் பார்த்துப் பழகிய நமக்குத் துளைச் சுவர் விநோதமாகப்படும்.

இதற்கும் எதிர்ப்பு இருந்தது. கட்டடத்தை இடித்தால் நடந்ததும் இடிந்துவிடுமா, அதையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கலாமே என்றார்கள். இடித்தது சரி என்பது என் கட்சி. அந்தக் கட்டடம் நின்றவரை அங்கே வந்தவன் கேட்டது "அவன் எந்த மாடியில் தூங்கினான்?" என்பதை மட்டும்தான்.

அதே நகரத்தில் எதிர் உதாரணமும் உண்டு. எஸ்கோபார் செத்து ஒன்றரை வருடம் கழித்து, 1995 ஜூன் 10 அன்று, சான் அந்தோனியோ பூங்காவில் மெதெயின்காரரான சிற்பி ஃபெர்னாந்தோ போத்தெரோ செய்த வெண்கலப் பறவைக்குள் குண்டு வைத்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் போனார்கள். கிழிந்த பறவையை அகற்ற மாநகராட்சி நினைத்தது, போத்தெரோ விடவில்லை. அது அப்படியே நிற்கட்டும் என்று சொல்லி, 2000-ல் முழுப் பறவை ஒன்றைப் புதிதாகச் செய்து பக்கத்தில் வைத்தார். வயிறு பிளந்த பறவையும் வயிறு நிறைந்த பறவையும் இன்றும் அங்கே அடுத்தடுத்து.

டீ-ஷர்ட், சாவிக்கொத்து விற்பவர்கள் மேல் என்ன தப்பு மாமா? அவங்களும் பிழைக்கணுமே?

நியாயமான கேள்வி. மெதெயினில் கொமூனா 13 என்ற சரிவுக் குடியிருப்பு இப்போது பெரிய சுற்றுலா இடம். 2011-ல் மலைமேல் வெளிப்புற எஸ்கலேட்டர் போட்டார்கள், சுவரெல்லாம் ஓவியம், மாம்பழ ஐஸ். படிக்குப் படி கடை, கடைக்குக் கடை எஸ்கோபார் முகம்: தொப்பி, காபிக் கோப்பை, குளிர்பெட்டிக் காந்தம். 2024-ல் இந்தப் பொருள்களைத் தடை செய்ய நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தபோது தெருக்கடைக்காரர்கள்தான் முதலில் குரல் கொடுத்தார்கள்: வாங்க வருபவர்கள் கேட்பது அதைத்தானே, எங்களை ஏன் பிடிக்கிறீர்கள் என்று.

எனக்கு உறுத்துவது வேறு. கொமூனா 13-ன் ஆறாத புண் எஸ்கோபார் போட்டது இல்லை. அவன் செத்து ஒன்பது வருடம் கழித்து, 2002 அக்டோபரில், "ஓரியோன்" என்ற பெயரில் ராணுவமும் போலீஸும் ஹெலிகாப்டரோடு அந்தத் தெருக்களுக்குள் இறங்கின. கூடவே முகமூடி போட்ட தனியார் படையினர். அதையொட்டிக் காணாமல் போன பிள்ளைகள் மேலே உள்ள கட்டட இடிபாட்டுக் கிடங்கில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தாய்மார்கள் இருபது வருடத்துக்கும் மேல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யாரும் நம்பவில்லை. 2024 டிசம்பரில் அங்கே தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அந்தத் தெருவில் நின்றுகொண்டு அந்தக் கதையைக் கேட்காமல் எஸ்கோபார் காந்தம் வாங்கி வருகிறோம். அவன் முகம் அவ்வளவு பெரிதாக இருப்பதில் வேறு பலருக்கு ஆதாயம் உண்டு. பின்னால் ஒளிந்துகொள்ள வசதி.

பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய ஒரு நிறுவனம் ஐரோப்பாவில் முயன்றது. அவன் ஏழைகளுக்கு நல்லது செய்தவன், எந்த வழக்கிலும் தண்டிக்கப்படாதவன் என்றெல்லாம் வாதாடினார்கள். 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது.

அவன் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

மகன் ஹுவான் பாப்லோ பெயரை செபாஸ்தியான் மர்ரோக்கின் என்று மாற்றிக்கொண்டு அர்ஜென்டினாவில் குடியேறினார், கட்டடக்கலை படித்தார். 2009-ல் வந்த ஓர் ஆவணப்படத்துக்காக லாரா போனியாவின் மகனையும் கலானின் மகன்களையும் நேரில் சந்தித்து, அப்பா செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். மேடைகளில் பேசும்போது அப்பாவைக் கதாநாயகன் ஆக்காதீர்கள் என்று சொல்கிறார். அதே அப்பாவைப் பற்றிப் புத்தகங்களும் எழுதுகிறார். இதைப் பாசாங்கு என்பவர்கள் உண்டு. அப்பா என்று ஒருவர்தானே இருக்க முடியும்?

நீர்யானைக் கதை நிஜமா?

நிஜம்தான், ஆனால் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், அதனால் சுருக்கமாக. மெதெயினுக்குக் கிழக்கே, மக்தலேனா ஆற்றுப் பக்கம், நாப்போலெஸ் என்ற பண்ணையில் அவன் தனி மிருகக்காட்சிசாலை வைத்திருந்தான். சாவுக்குப் பின் மற்ற விலங்குகளை எடுத்துப் போனார்கள். நான்கு நீர்யானைகளை யாராலும் தூக்க முடியவில்லை. அவை ஆற்றில் இறங்கிப் பெருகி 2023 வாக்கில் ஏறத்தாழ 170 ஆகிவிட்டன. 2009-ல் ஒன்றைச் சுட்டபோது ராணுவ வீரர்கள் அதன் உடலோடு எடுத்துக்கொண்ட போட்டோ வெளியாகி நாடே கொதித்தது, சுடுவது நின்றது. 2022-ல் ஆக்கிரமிப்பு உயிரினம் என்று அறிவித்தார்கள். கருத்தடையும் செய்து பார்த்தார்கள். அறுபதை நம் குஜராத்துக்கு அனுப்பலாமா என்ற பேச்சும் 2023-ல் அடிபட்டது.

பண்ணை இப்போது குடும்பத்தோடு போகும் கேளிக்கைப் பூங்கா. பக்கத்து ஊரான தொராதாலில் நீர்யானை பொம்மை நன்றாக விற்கிறது.

கல்லறை எங்கே? பார்க்க விடுவார்களா?

மெதெயினை அடுத்த இத்தாகுயியில், மொந்தேசாக்ரோ தோட்டக் கல்லறை. அடக்கத்தன்று பல்லாயிரம் பேர் திரண்டு சவப்பெட்டியைத் தொட முண்டியடித்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் போகலாம். பூ வைப்பவர்களும் உண்டு, கல்லின் மேல் வெள்ளைப் பொடியைக் கோடு போட்டுப் படமெடுக்கும் வெளிநாட்டு மைனர்களும் உண்டு. 2017-ல் ஓர் அமெரிக்க ராப் பாடகர் அங்கே பூவோடு நின்ற படத்தை வெளியிட, அப்போதைய மேயர் ஃபெதெரிக்கோ குத்தியெரெஸ் "வெட்கங்கெட்டவன்" என்றே திட்டினார்.

போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். மொராவியாவுக்குப் போங்கள். அந்தக் குப்பை மலை பிறகு மண் மூடித் தோட்டமாக்கப்பட்டது. பூச்செடிகள் வைத்து வளர்த்ததில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பெரிய பங்கு. எஸ்கோபார் கொடுத்த வீட்டுக்குப் போகாமல், போக இடம் கிடைக்காமல், அங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்றும் அந்த மலையைச் சுற்றி வாழ்கிறார்கள்.

அந்த டீ-ஷர்ட் என்ன ஆச்சு?

இன்னும் போடுகிறான். அறுநூறு ரூபாயாம். என் வீட்டுக்கு வரும்போது மட்டும் வேறு சட்டையில் வருகிறான்.